பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆய்வு: கடைக்காரர்களும் சங்கத்தினரும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள்

சிங்கப்பூரில் தமிழர் நடத்தும் சிறு நிறுவனங்களையும் சங்கங்களையும் பல்கலைக்கழகத் துறைகளோடு இணைத்துவைப்பது என் வேலையின் ஒரு பகுதி. பேசுகிறவர்கள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. அவற்றை இங்கே ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். சட்டம், மானியம் பற்றிச் சொல்பவை பொதுவான விளக்கங்களே. கையெழுத்திடும் முன் உங்கள் வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூட்டு ஆய்வு என்றால் என்ன? எங்கள் மண்டபத்தில் கருத்தாய்வு நடத்த இடம் கொடுத்தோம். அது கூட்டு ஆய்வா?

இல்லை, அது உதவி. நல்ல உதவிதான், ஆனாலும் கூட்டு ஆகாது. கூட்டு ஆய்வில் எதைத் தேடுகிறோம் என்பதை இரு தரப்பும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. வேலையில் ஒரு பங்கு உங்களுடையது. கிடைக்கும் முடிவு உங்கள் கைக்கும் வருகிறது, நீங்கள் பயன்படுத்தக்கூடிய வடிவில் வருகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீங்கள் பெயரை மட்டும் இரவல் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு சங்கத்தின் அலுவலக அலமாரியில் அழகாகக் கட்டப்பட்ட ஆய்வேடு ஒன்றைப் பார்த்தேன். அட்டையில் சங்கத்தின் பெயர் பொன்னெழுத்தில் இருந்தது. செயற்குழுவில் ஒருவர்கூட அதைத் திறந்து படித்திருக்கவில்லை. அவர்களின் உறுப்பினர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து பதில் சொல்லி உருவான ஏடு அது.

எந்தப் பல்கலைக்கழகத்தை அணுகுவது?

பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் பேராசிரியர் யார் என்று தேடுங்கள். அவர் எங்கே இருக்கிறாரோ அதுவே உங்களுக்கான இடம்.

ஆனாலும் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களுக்கும் ஆளுக்கொரு சுபாவம் இருப்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகம் 2009ல் தொடங்கப்பட்டது. வேலையிடமும் வகுப்பறையும் சேர்ந்த படிப்புத்தான் அதன் அடையாளம். மாணவர்கள் பல மாதங்கள் நிறுவனத்திலேயே இருந்து வேலை செய்வார்கள். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் 2015ல் தொடங்கிய ‘எஸ்எம்யு-எக்ஸ்’ பாடங்களில் வெளி நிறுவனங்களும் அமைப்புகளும் கொண்டுவரும் உண்மையான பிரச்சினையை மாணவர் குழு ஒரு பருவம் முழுக்க எடுத்துச் செய்யும். சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு துறை மாணவர்கள் ஒரே குழுவாகச் சேர்ந்து இறுதியாண்டுத் திட்டத்தைச் செய்கிறார்கள். கருவி, இயந்திரம், செயலி என்று கையில் பிடித்துப் பார்க்கும் பொருள் வேண்டுமானால் அங்கே கேட்டுப் பாருங்கள்.

சமூகம் சார்ந்த கேள்வி என்றால் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுவா தியன் போ சமூகத் தலைமைத்துவ நிலையம் நினைவில் இருக்கட்டும். சமூக அமைப்புகளோடு சேர்ந்து ஆய்வு செய்ய மாணவர்களைப் பழக்குவதே அதன் நோக்கம். தமிழ் மொழி, இலக்கியம் சார்ந்தவற்றுக்குச் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பட்டப்படிப்பு உண்டு. பள்ளிகளில் தமிழ் கற்பித்தல் பற்றியது என்றால் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தேசியக் கல்விக் கழகத்துக்குப் போகலாம்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். சிறு கடைக்காரரின் பிரச்சினைக்குப் பல நேரங்களில் அவைதான் பொருத்தமான இடம். பட்டப்படிப்பு இல்லையே என்று தயங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெரிய நிறுவனங்களோடுதானே இவர்கள் சேர்வார்கள்? எங்களிடம் பன்னிரண்டு ஊழியர்கள்தான்.

பெரிய நிறுவனங்களுக்கென்று தனி வழி இருப்பது உண்மை. தேசிய ஆய்வு அறநிறுவனத்தின் ஆதரவோடு நிறுவனங்கள் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம் ஒன்று உண்டு. அதன்கீழ் முதலில் வந்தது, 2013ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அமைந்த ரோல்ஸ்-ராய்ஸ் ஆய்வுக்கூடம். விமான இயந்திரம் செய்கிறவர்களின் அளவுக்கு ஏற்ற ஏற்பாடு அது.

உங்களுக்கு வேண்டியது அதுவன்று. உணவுத் தொழிலையே எடுத்துக்கொண்டால், செனோக்கோவில் உள்ள ஜேடிசி உணவு மையத்தில் ‘ஃபுட்பிளாண்ட்’ இயங்குகிறது. சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகமும், தொழிற்பேட்டைகளைக் கவனிக்கும் அரசாங்க அமைப்பான ஜேடிசியும், நிறுவனங்களை வளர்க்கும் அரசாங்க அமைப்பான என்டர்பிரைஸ் சிங்கப்பூரும் சேர்ந்து உருவாக்கிய பகிர்வுத் தொழிற்கூடம் அது. சொந்தமாக இயந்திரம் வாங்காமலே, விற்பனைக்கு உகந்த முறையில், சிறிய அளவில் தயாரித்துப் பார்க்கலாம். சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரியின் உணவுப் புத்தாக்க நிலையமும் பல ஆண்டுகளாகச் சிறு தயாரிப்பாளர்களுக்காக வேலை செய்துவருகிறது.

எங்கள் பிரச்சினை ஆய்வுக்கு உரியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முக்கியமான கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தோசை மாவு அரைத்து பாக்கெட்டில் விற்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். “பேரங்காடியில் என் மாவு பாக்கெட் உப்பிவிடுகிறது, திருப்பி அனுப்புகிறார்கள், ஏதாவது செய்யுங்கள்” என்று வருகிறார். இது புகார். இதை வைத்து எந்த மாணவரும் ஆய்வு தொடங்க முடியாது. ஆனால் ஆய்வு இதற்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் பாக்கெட் ஏன் உப்புகிறது? ஊறவைத்த அரிசியிலும் உளுந்திலும் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்கவைக்கின்றன. அவற்றில் லூக்கோநாஸ்டாக் என்ற இனம் அமிலத்தோடு கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. பாத்திரத்தில் மாவு பொங்கினால் மகிழ்ச்சி. அதே வாயு மூடிய பாக்கெட்டில் சிக்கினால் நட்டம். குளிர் அதிகமாக அதிகமாகப் புளிப்பு மந்தமாகிறது, ஆனால் ஒரேயடியாக நின்றுவிடுவதில்லை. ஆகவே எந்த நிலையில் மாவு குளிர்பெட்டிக்குள் போகிறது, அதற்குப் பிறகு எத்தனை முறை வெப்பம் படுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கும்.

இப்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை வரிசையாக வரும். அரைத்து எவ்வளவு நேரம் கழித்துப் பாக்கெட்டில் அடைக்கிறீர்கள்? உப்பு எப்போது சேர்க்கிறீர்கள்? திரும்பி வரும் பாக்கெட்டுகள் எந்தக் கிளைகளிலிருந்து வருகின்றன? லாரி முதலில் போகும் கடையா, கடைசியில் போகும் கடையா? கடைசிக் கடையிலிருந்துதான் அதிகம் வருகிறது என்றால், கோளாறு மாவரைக்கும் இடத்தில் இல்லாமல், நம் ஊர் வெயிலில் இருபது முறை திறந்து மூடப்படும் லாரிக் கதவில் இருக்கலாம்.

இத்தனையும் பேசிய பிறகு ஆய்வுக் கேள்வி உருவாகிறது: ‘மாவின் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண்; புளிக்கப் புளிக்க இறங்கும்) எந்த அளவுக்கு இறங்கியபின் குளிரூட்டினால், ஏழு நாள்வரை பாக்கெட் உப்பாமலும் இட்லி மென்மை கெடாமலும் இருக்கும்?’ இதை ஒரு மாணவர் அளக்க முடியும். மணிக்கு ஒருமுறை பிஎச் பார்ப்பார். ஆறுக்கு மேல் தொடங்கி நான்கரையை நோக்கி அது இறங்குவதை வரைபடமாக வரைவார். லாரியில் வெப்பநிலையைப் பதியும் சின்னக் கருவி ஒன்றை வைப்பார். கடைசியில் இட்லி ஊற்றி, பத்துப் பேரைச் சுவைக்கவைத்து மதிப்பெண் வாங்குவார்.

கவனியுங்கள்: அந்தக் கேள்வியில் பாதி கடைக்காரரின் அனுபவத்திலிருந்து வந்தது. ‘இட்லி மென்மை கெடாமல்’ என்ற நிபந்தனையை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர் தாமாகச் சேர்த்திருக்க மாட்டார். வாயுவை நிறுத்த அவரிடம் பத்து வழிகள் இருக்கும். அவற்றில் எட்டு, வாடிக்கையாளர் வாயில் வைக்க முடியாத இட்லியைத் தரும். நீங்கள் ஆய்வில் கூட்டாளியாக உட்கார வேண்டியது இதற்காகத்தான்.

அளக்க முடிந்ததாக, பதில் இன்னும் தெரியாததாக, பதில் தெரிந்தால் நாளைக்கே நீங்கள் ஏதாவது ஒன்றை மாற்றக்கூடியதாக இருந்தால் அது ஆய்வுக்கு உரிய கேள்வி. பதில் ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தால் உங்களுக்குத் தேவைப்படுவது ஆலோசகர். விற்பனையைக் கூட்ட விளம்பரம் வேண்டுமென்றால் அதற்குரியவர்கள் வேறு.

சங்கங்களுக்கும் இதே அளவுகோல்தானா?

ஆம். ‘இளையர்கள் தமிழ் நிகழ்ச்சிக்கு வருவதில்லை’ என்பது புகார். ‘தொடக்கப்பள்ளிவரை எங்கள் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் எந்த வயதில் நிற்கிறார்கள், நிற்கும்போது வீட்டில் என்ன நடக்கிறது’ என்பது ஆய்வு. பழைய வருகைப் பதிவேடுகள் உங்களிடம் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அவை பொக்கிஷம்.

எவ்வளவு காலம் ஆகும்?

மாணவர் திட்டம் என்றால் பல்கலைக்கழக நாள்காட்டிதான் எசமான். கல்வியாண்டு பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும். ஒரு பாடத்துக்குள் அடங்கும் திட்டம் ஒரு பருவம். இறுதியாண்டுத் திட்டம் இரண்டு பருவம். முதுகலை ஆய்வு ஓரிரு ஆண்டுகள், முனைவர் பட்ட ஆய்வு நான்கு ஆண்டுகள் வரை போகலாம். தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் விடை வேண்டும் என்று ஆகஸ்டில் வந்து கேட்டால் கிடைக்காது. அடுத்த தீபாவளிக்கு என்றால் பேசலாம்.

செலவு யாருடையது?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். பாடத்தோடு சேர்ந்த மாணவர் திட்டங்களில் பெரும்பாலும் உங்கள் நேரமும் பொருட்செலவும்தான். ஆய்வாளரைச் சம்பளத்துக்கு அமர்த்தும் திட்டமானால் அந்தச் சம்பளம், கருவி, மூலப்பொருள், அவற்றின்மேல் பல்கலைக்கழகம் சேர்க்கும் மேற்செலவு என்று தொகை ஏறும். மேற்செலவைப் பார்த்துப் பலர் அதிர்ச்சி அடைகிறார்கள். ஆய்வுக்கூடத்தின் மின்சாரம், பாதுகாப்பு, நிர்வாகம் எல்லாம் அதில் அடங்கும். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட்டால் பின்னால் மனக்கசப்பு இருக்காது.

நிறுவனங்களுக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுகள் இரண்டு. என்டர்பிரைஸ் சிங்கப்பூரின் நிறுவன மேம்பாட்டு மானியம், தகுதிபெறும் உள்ளூர்ச் சிறிய, நடுத்தர நிறுவனங்களின் தகுதியுள்ள செலவில் 50 விழுக்காடு வரை ஏற்கிறது. குறைந்தது 30 விழுக்காடு பங்குகள் உள்ளூர்க்காரர் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, 2023 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த நிறுவனப் புத்தாக்கத் திட்டம். 2024 முதல் 2028 வரையிலான வரிக் கணிப்பாண்டுகளுக்கு இது உண்டு. சிங்கப்பூரில் செய்யும் தகுதியுள்ள ஆய்வு, மேம்பாட்டுப் பணியில் ஆண்டுக்கு முதல் 400,000 வெள்ளிக்கு 400 விழுக்காடு வரிக் கழிவு; அதாவது செலவைப்போல் நான்கு மடங்கை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் அல்லது அங்கீகாரம் பெற்ற பிற பங்காளிகளோடு செய்யும் புத்தாக்கத் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 50,000 வெள்ளிவரை அதே கழிவு. இலாபம் குறைவாக இருந்து வரிக் கழிவால் பயனில்லை என்றால், மொத்தத் தகுதிச் செலவில் 100,000 வெள்ளிவரை 20 விழுக்காட்டை ரொக்கமாக மாற்றிக்கொள்ளலாம். அதாவது ஆண்டுக்கு அதிகபட்சம் 20,000 வெள்ளி. ரொக்கத்துக்கு, மத்திய சேமநிதி செலுத்தப்படும் முழுநேர உள்ளூர் ஊழியர் மூவராவது இருக்க வேண்டும். நம் கடைக்காரர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. கணக்காளரை இந்த வாரமே கேளுங்கள்.

மாணவர்கள் வந்தால் கடை வேலைக்கும் உதவுவார்களா?

மாட்டார்கள், கேட்கவும் கூடாது. அவர்கள் படிக்க வருகிறார்கள். சாப்பாடு போடுங்கள், அன்பாக நடத்துங்கள், பெட்டி தூக்கச் சொல்லாதீர்கள்.

எங்கள் மசாலாப் பக்குவம் மூன்று தலைமுறை இரகசியம். அது வெளியே போய்விடாதா?

ஒப்பந்தம் இல்லாமல் வாய் திறந்தால் போகலாம். ஆகவே முறையைச் சொல்லும் முன் இரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குங்கள். பல்கலைக்கழகத்திடம் அதற்கான படிவம் தயாராக இருக்கும். மாணவர்களும் தனித்தனியாக ஒப்பமிட வேண்டுமா என்பதையும் கேளுங்கள்.

அதற்குப் பிறகு ஆய்வுக் கூட்டு ஒப்பந்தம் வரும். நீங்கள் கொண்டுவந்த அறிவு உங்களுடையதாகவே இருக்கும் என்பதை அது தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆய்வின்போது புதிதாகப் பிறப்பது யாருடையது என்பதே பேச்சுவார்த்தைக்கு உரிய பகுதி. முழு உரிமையும் வேண்டுமென்றால் அதற்கேற்பச் செலவையும் நீங்களே ஏற்க வேண்டிவரும். அரசாங்கப் பணம் கலந்தால் பல்கலைக்கழகம் உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டு உங்களுக்குப் பயன்பாட்டு உரிமம் தருவது வழக்கம். பல சிறு நிறுவனங்களுக்கு அந்த உரிமமே போதும் என்பது என் கருத்து. காப்புரிமைக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, 20 ஆண்டு பாதுகாப்பது எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. மசாலாப் பக்குவம் போன்றவை காப்புரிமையைவிட இரகசியமாக வைத்திருப்பதாலேயே நன்றாகக் காப்பாற்றப்படுகின்றன.

காப்புரிமை எடுக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், ஆய்வுக் கட்டுரை வெளிவருவதற்கும் மாநாட்டில் பேசுவதற்கும் முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். மாணவர்களின் கண்காட்சிச் சுவரொட்டியும் வெளியீடுதான். இதைக் கடைசி வாரத்தில் நினைத்துக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு.

ஆய்வின் முடிவு எங்களுக்குப் பாதகமாக வந்தால் வெளியிடாமல் தடுக்கலாமா?

கூடாது. வெளியிடும் முன் கையெழுத்துப் படியைப் பார்க்கும் உரிமையைக் கேட்டு வாங்கலாம். 30 நாள், 60 நாள் என்று கெடு குறித்துக்கொண்டு, தொழில் இரகசியம் இருந்தால் நீக்கச் சொல்லலாம், தவறான தகவலைத் திருத்தச் சொல்லலாம். நிறுவனத்தின் பெயரை மறைத்து எழுதக் கேட்கலாம். முடிவையே மாற்றச் சொல்வதும் புதைக்கச் சொல்வதும் வேறு. அப்படிக் கேட்கும் அமைப்போடு நான் யாரையும் இணைத்துவைப்பதில்லை. உங்கள் வகுப்புகளால் பிள்ளைகளின் மதிப்பெண் உயரவில்லை என்று ஆய்வு சொன்னால், அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைகளுக்காக அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் ஆள் நீங்கள்தான்.

உறுப்பினர் பட்டியலை ஆய்வாளரிடம் கொடுத்துவிடலாமா?

உறுப்பினர்களின் சம்மதம் இல்லாமல் கொடுக்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் நிறைவேறியது, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலையில் நடப்புக்கு வந்தன. சங்கங்களுக்கும் அது பொருந்தும். சந்தா வசூலிக்க வாங்கிய தொலைபேசி எண்ணை ஆய்வுக்குக் கொடுப்பது வேறு நோக்கம். சுலபமான வழி: ஆய்வாளரின் அழைப்பை நீங்களே உறுப்பினர்களுக்கு அனுப்புங்கள். விருப்பமுள்ளவர் அவரை நேரே தொடர்புகொள்ளட்டும்.

அடையாள அட்டை எண்ணைக் கேட்டு யாராவது படிவம் நீட்டினால் ஏன் என்று கேளுங்கள். சட்டம் கோரினாலோ, ஒருவர் இன்னார்தான் என்று மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக் கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் உள்ள விதி.

நெறிமுறைக் குழுவின் அனுமதி எதற்கு? நாங்கள் நாலு பாட்டிகளிடம் பேசப்போகிறோம், அவ்வளவுதானே?

அந்த நாலு பாட்டிகளுக்காகத்தான்.

மனிதர்களிடம் தகவல் திரட்டும் எந்த ஆய்வையும் தொடங்கும் முன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் காட்ட வேண்டும். கேட்கப்போகும் கேள்விகள், சம்மதப் படிவம், பதிவுகளை எங்கே வைப்பார்கள், எப்போது அழிப்பார்கள், எல்லாவற்றையும் குழு பார்க்கும். வாரக்கணக்கில் ஆகும். இந்தக் காலத்தைத் திட்டத்தில் சேர்க்காததால்தான் பல மாணவர்களின் கடைசிப் பருவம் நெருக்கடியாகிறது. இரத்தம், எச்சில் போன்ற மாதிரிகள் எடுப்பதாக இருந்தால் 2015ஆம் ஆண்டின் மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் வந்து சேரும். அப்போது பொதுவாகச் சாட்சி முன்னிலையில் எழுத்துபூர்வச் சம்மதம் தேவை.

படிவம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது எப்படி நீட்டப்படுகிறது என்பதும் முக்கியம். புளோக்கின் கீழ்த்தளத்தில் உள்ள மூத்தோர் நிலையத்தில் ஓர் அம்மாவிடம் ஆறு பக்க ஆங்கிலப் படிவத்தை நீட்டினால் என்ன நடக்கும்? அவர் பேனாவை வாங்கி, “எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?” என்று கேட்பார். படிக்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துப் பிள்ளை கேட்கிறதே, மறுத்தால் மனம் நோகுமே என்பதுதான் அவர் நினைப்பு. சட்டப்படி அது சம்மதமாகத் தெரியலாம். என் கண்ணுக்கு அது சம்மதம் இல்லை.

அதே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில், “நீங்கள் வேண்டாமென்றால் வேண்டாம், நிலையத்தில் உங்களுக்குக் கிடைக்கும் எதுவும் நிற்காது, பாதியில் எழுந்து போகலாம், உங்கள் மகனுக்கும் சொல்ல மாட்டோம்” என்று சொல்லிப் பாருங்கள். கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்கு இருந்த உண்மையான பயம் அதுதான். இந்தப் பயம் எது என்று ஆய்வாளருக்குத் தெரியாது. நிலையத்தில் தினமும் தேநீர் ஊற்றிக் கொடுக்கும் தொண்டூழியருக்குத் தெரியும். அவரைக் கேள்வித்தாள் தயாரிக்கும் கூட்டத்துக்கே அழைத்து வாருங்கள்.

21 வயதுக்குக் குறைந்தவர்களிடம் பேசுவதானால் பெரும்பாலும் பெற்றோரின் சம்மதத்தையும் குழு கேட்கும்.

எங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டு ஊழியர்களைப் பற்றி ஆய்வு செய்யலாமா?

செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் வேலை அனுமதி முதலாளியைச் சார்ந்திருக்கும்போது, முதலாளியோ மேற்பார்வையாளரோ இருக்கும் அறையில் எந்த ஊழியரும் மனம்திறந்து பேச மாட்டார். நேர்காணல் தங்குவிடுதிக்கும் வேலையிடத்துக்கும் வெளியே நடக்கட்டும். யார் பேசினார்கள், யார் மறுத்தார்கள் என்ற பட்டியல் உங்களுக்கு வரக்கூடாது, கேட்கவும் கேட்காதீர்கள். ஊழியர்களுக்காக ஏற்கெனவே வேலை செய்துவரும் தொண்டு அமைப்பு ஒன்றையும் மூன்றாவது பங்காளியாகச் சேர்த்தால் எல்லாருக்கும் நல்லது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நின்று கேள்வித்தாள் நிரப்பச் சொல்வதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். வாரத்தில் ஒருநாள் கிடைக்கும் ஓய்வு அது; ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், நண்பர்களைப் பார்க்க வேண்டும்.

பங்கேற்பவர்களுக்கு இதனால் என்ன பயன்? அன்பளிப்பு கொடுக்கலாமா?

போக்குவரத்துச் செலவும் நேரத்துக்கு ஈடாக ஒரு தொகையும் கொடுப்பது முறை. நெறிமுறைக் குழுவிடம் அதையும் சொல்ல வேண்டும்.

பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது. இந்தியர்கள் இந்நாட்டு மக்கள்தொகையில் சிறுபான்மை. பொதுவாகத் திரட்டும் மாதிரியில் நம்மவர் எண்ணிக்கை குறைவாகவே விழும், அதை வைத்து நம்மைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. அதனால்தான் சில ஆய்வுகள் இந்தியர்களைத் தனியாகத் தேடிப் போயின. 2007 முதல் 2009 வரை நடந்த சிங்கப்பூர் இந்தியர் கண் ஆய்வில் 40 வயதைத் தாண்டிய 3,400 பேர் கலந்துகொண்டார்கள். 2019ல் வெளியான மரபணு ஆய்வில் 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்டது. அவர்களில் 1,127 பேர் இந்தியர்கள். ஐரோப்பியரை வைத்தே எழுதப்பட்டுவந்த மருத்துவ அறிவில் நம் உடம்பைப் பற்றிய வரிகளும் சேர்வது இப்படித்தான். நீரிழிவு நம்மிடையே எவ்வளவு பரவியிருக்கிறது என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். இரத்தம் கொடுத்து, ஒரு காலைப்பொழுதைச் செலவழித்த அத்தனை பேருக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன்.

முடிவுகளைத் தமிழில் கேட்டுப் பெறலாமா?

கேட்டுப் பெறலாம் என்பதல்ல, கேட்டே ஆக வேண்டும். பதில்கள் தமிழில் வாங்கப்பட்டன என்றால் முடிவுகளும் தமிழில் அந்த மக்களிடம் திரும்பிப் போக வேண்டும். நூறு பக்கமும் வேண்டாம். நான்கு பக்கச் சுருக்கமும் அதே சமூக மன்றத்தில் ஒரு மாலைக் கூட்டமும் போதும். ஆனால் இதை ஒப்பந்தத்திலேயே எழுதி, மொழிபெயர்ப்புக்கும் கூட்டத்துக்கும் பணமும் ஒதுக்கிவிடுங்கள். ஆய்வு முடிந்து மாணவர் பட்டம் வாங்கிப் போனபின் யாரைப் பிடித்துக் கேட்பீர்கள்?

பழைய புகைப்படம், ஒலிப்பதிவு, விழா மலர்கள் எங்களிடம் நிறைய இருக்கின்றன. அவற்றையும் ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

கொடுங்கள், ஆனால் மூலத்தை வைத்துக்கொண்டு நகலைக் கொடுங்கள். யார் எப்போது எடுத்தது என்பதைத் தெரிந்த மூத்த உறுப்பினர்கள் இருக்கும்போதே எழுதிவையுங்கள். பெயரில்லாத புகைப்படத்தில் இருப்பவர்களை இருபது ஆண்டுகள் கழித்து யாராலும் அடையாளம் சொல்ல முடியாது.

2015ல் நாட்டின் பொன்விழாவை ஒட்டி வெளியான சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய மின்தொகுப்பு இதற்கு நல்ல முன்மாதிரி. அது பல்கலைக்கழகத் திட்டம் அல்ல; சமூகத்தினர் முன்னின்று, தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து செய்த வேலை. ஐம்பதாண்டு காலச் சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் முந்நூறுக்கு மேல் மின்வடிவம் பெற்றன. எழுத்தாளர்களும் அவர்தம் குடும்பத்தினரும் அனுமதி கொடுத்தார்கள், தொண்டூழியர்கள் பக்கம் பக்கமாகச் சரிபார்த்தார்கள், பாதுகாக்கும் பொறுப்பை நூலகம் ஏற்றது. இன்று எந்தப் பல்கலைக்கழக மாணவரும் அதை வைத்து ஆய்வு செய்யலாம்.

புதிதாகப் படம் எடுக்க, ஒலிப்பதிவு செய்ய ஆள் அமர்த்தினால் ஒரு விஷயம்: 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கும் எடுத்தவரே முதல் உரிமையாளர். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள்.

ஆய்வு பாதியில் நின்றுபோனால்?

நடக்கும். மாணவர் விலகலாம், பேராசிரியர் வேறு நாட்டுக்குப் போகலாம். அதுவரை திரட்டிய தரவும் குறிப்புகளும் உங்களுக்கும் ஒரு படி வர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மாணவி. தமிழ் அமைப்பு ஒன்றோடு சேர்ந்து இறுதியாண்டுத் திட்டம் செய்ய ஆசை. எப்படித் தொடங்குவது?

கேள்வித்தாளோடு போகாதீர்கள். முதலில் அவர்கள் நிகழ்ச்சிக்குப் போய், நாற்காலி அடுக்க உதவுங்கள். செயலாளர் வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குச் சங்க வேலை பார்க்கிறவர். உங்கள் மின்னஞ்சலுக்கு இரண்டு வாரம் பதில் வரவில்லை என்றால் கோபிக்காமல் தொலைபேசியில் அழையுங்கள். பெரியவர்களிடம் ‘ஐயா’, ‘அம்மா’ என்று தமிழில் பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் தமிழ் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்கள் ரசிப்பார்கள். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியரை ஒருமுறையாவது நேரில் அழைத்துவாருங்கள். பேராசிரியரே வந்தார் என்பது அந்த அமைப்புக்குப் பெரிய மரியாதை.

நாங்கள் தயார். முதல் மின்னஞ்சலில் என்ன எழுதுவது?

அரைப்பக்கம் போதும். நீங்கள் யார், எத்தனை ஆண்டாக இயங்குகிறீர்கள் என்பது இரண்டு வரி. எது உங்களை உறுத்துகிறது என்பது ஐந்து வரி. கோப்பில் எண்கள் ஏதும் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதுவரை நீங்களே முயன்று பார்த்தது என்ன, அது ஏன் பலிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுங்கள். பேராசிரியர்கள் மிக ஆவலாகப் படிக்கும் பகுதி அதுதான். உங்கள் தரப்பில் வாரம் இரண்டு மணிநேரமாவது ஒதுக்கக்கூடிய ஒருவரின் பெயரைக் கொடுங்கள். அவர் தலைவராக இருக்க வேண்டியதில்லை. வேலை தெரிந்தவராக இருக்க வேண்டும். மாவுக்கடை என்றால் விடியற்காலையில் அரைவை இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர்.

அதை ஏப்ரல், மே மாதங்களில் அனுப்புங்கள். ஆகஸ்டில் தொடங்கும் பருவத்துக்கான திட்டங்களைப் பேராசிரியர்கள் பட்டியலிடுவது அதற்குப் பிறகுதான்.